டவர் படுத்துவிட்டால் என்ன செய்வது? கிராமத்துக்கு ஒரு குட்டி ரேடியோ வலை!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரம் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. ராவணனிடம் வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் அதற்குச் சாட்சியாக இருக்கின்றன. ஜடாயுவால் சீதையை மீட்க முடியவில்லை. ஆனால், தூக்கிப் போனவன் யார், எந்தத் திசையில் போனான் என்ற சேதியைச் சேர்த்துவிட்டுத்தான் உயிரை விட்டார். அதன் பிறகுதான் தேடிப் போனவர்களுக்கு ஒரு திசை கிடைத்தது.

இன்றைக்கு அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேதி சொல்ல எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. மழை வெளுத்து வாங்கும் ஐப்பசி, கார்த்திகை ராத்திரியில் அது வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். தாமல் ஏரி மாதிரி பெரிய ஏரிகளும், ஊருக்கு ஊர் சின்ன ஏரிகளும் ஒன்றின் உபரி நீர் இன்னொன்றுக்குப் போகிற மாதிரி அமைந்தவை. மேலே ஓர் ஏரியில் கலங்கல் பாய்ந்தால், கீழே இருப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். நெல் வயலுக்கு மட்டுமல்ல, நெசவாளர் வீட்டுக்கும் இது உயிர்ப் பிரச்னை. பட்டு நெய்கிற குழித்தறியில் கால் வைக்கும் குழி தரைக்குக் கீழே இருக்கிறது. தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். அரை மணி நேரம் முன்கூட்டித் தெரிந்தால் பாவையும் பட்டு நூலையும் மேலே ஏற்றிவிடலாம். தெரியாமல் போனால், கடன் வாங்கிப் போட்ட நூல் சேற்றில்.

2015 டிசம்பர் பெருவெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்த வெள்ளம் என்று இந்தப் பகுதி அடுத்தடுத்துப் பார்த்துவிட்டது. வர்தா அடித்த பிறகு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் கரன்ட்டும் இல்லை, செல்போனும் இல்லை.

டவர் ஏன் சாகிறது?

செல்போன் டவர் கரன்ட்டில் ஓடுகிறது. கரன்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர். சாலையில் தண்ணீர் நின்றால் டீசல் கொண்டுவர ஆள் வர முடியாது. டீசல் இருந்தாலும், டவரை மற்ற டவர்களோடு இணைக்கும் கண்ணாடி இழை கேபிள் எங்காவது அறுந்தால் முடிந்தது கதை. இதெல்லாம் நடக்காவிட்டாலும், ஊரே ஒரே நேரத்தில் போன் செய்தால் லைன் கிடைக்காது. பேரிடர் எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள், வானிலை எச்சரிக்கை ஆப் எல்லாமே இந்த டவரை நம்பித்தான் இருக்கின்றன. 1077, 1070, 112, 108 எல்லாம் அப்படித்தான்.

தென் மாவட்டங்களில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல கிராமங்களில் தொலைத்தொடர்பு அறுந்துபோனதால், யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு என்ன தேவை என்பதே வெளியே தெரியாமல் கிடந்தது. ஹெலிகாப்டரும் படகும் தயாராக இருந்தாலும், எந்தத் தெருவுக்குப் போவது என்று யாராவது சொன்னால்தானே போக முடியும்!

வெளிநாட்டிலும் இதே நிலைதான். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நாடு முழுக்க மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போன்கள் ஓய்ந்தன. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தேடி மக்கள் கடைக்கு ஓடினார்கள்.

அந்தமானில் கை கொடுத்த ரேடியோ

டவரே இல்லாமல் சேதி போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2004 டிசம்பரில், டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ இயக்குநரின் குழு, அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்தது. ஒரு வகையில் பொழுதுபோக்குப் பயணம் அது. டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்து சுனாமி வந்தது. தீவுகளின் தொலைபேசி இணைப்புகள் நிலைகுலைந்தன. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன கருவிகளே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சேதி சுமக்கும் வழியாகிவிட்டன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த ரேடியோ வழியாகப் பதில் கிடைத்தது.

ஹாம் ரேடியோவுக்குத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். கட்டணம் 20 வருஷத்துக்கு 1,000 ரூபாய், வாழ்நாளுக்கு 2,000 ரூபாய். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்குகிறது. பள்ளியில் ஓர் ஆசிரியரோ, பிளஸ் டூ மாணவரோ இதை எழுதினால் ஊருக்கே சொத்து. ஆனால், ஊரில் எல்லோரும் எழுத மாட்டார்கள். அந்த இடத்தில்தான் 'மெஷ்' எனப்படும் வலைப்பின்னல் ரேடியோ வருகிறது.

கைமாறிப் போகும் சேதி

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்யூட் பலகை, ஒரு பேட்டரி, ஒரு விரல் நீள ஆன்டெனா. இவ்வளவுதான் கருவி. 'லோரா' என்ற ரேடியோ முறையில் இது வேலை செய்கிறது. மிகக் குறைந்த சக்தியில், மிக மெதுவாக, ஆனால் வெகுதூரம் போகிற முறை. செல்போனில் 'மெஷ்டாஸ்டிக்' என்ற இலவச ஆப்பைப் போட்டு, புளூடூத் மூலம் கருவியோடு இணைத்தால் போதும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். செல்போனில் டைப் செய்யும் செய்தியைக் கருவி வானில் அனுப்பும். பேச்சு போகாது, போட்டோ போகாது. எழுத்து மட்டும்தான்.

கழனியில் நிற்பவர் குரல் கொடுக்க, கிணற்றடியில் இருப்பவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல, தெருமுனையில் உள்ளவர் வீட்டுக்குள் சொல்வார் அல்லவா? வலைப்பின்னலும் அப்படித்தான். ஒரு கருவி அனுப்பியதை அருகில் உள்ள கருவி கேட்டு, தானும் ஒருமுறை அனுப்பும். அதைக் கேட்ட அடுத்த கருவி மறுபடி அனுப்பும். வழக்கமான அமைப்பில் ஒரு செய்தி மூன்று முறை கைமாறும். தேவையென்றால் ஏழு வரை கூட்டலாம். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கத்தி இரைச்சலாகிவிடாதபடி, தூரத்தில் இருந்து மெலிசாகக் கேட்ட கருவி முதலில் அனுப்பும். அது அனுப்பியதைக் கேட்ட மற்றவை சும்மா இருந்துவிடும். நடுவில் ஒரு கருவி கெட்டுப்போனாலும், வேறு கருவி எட்டும் தூரத்தில் இருந்தால் செய்தி சுற்றிப் போய்விடும். டவர் முறையில் தலை போனால் உடம்பு போச்சு. இதில் தலையே கிடையாது.

எவ்வளவு தூரம் போகும்? மலை உச்சியில் இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் போன பதிவுகள் வெளிநாட்டில் உண்டு. விளம்பரங்களில் அதைத்தான் போடுவார்கள். அதை நம்பி ஏமாறக் கூடாது. வீடும் மரமும் நிறைந்த சமவெளிக் கிராமத்தில், கையில் வைத்து அனுப்பினால் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் என்றே கணக்குப் போடுங்கள். ஒரு கருவியை உயரத்தில் வைத்தால் கதையே மாறும். ஐந்து கிலோமீட்டரும் அதற்கு மேலும் எட்டும். காசைக் கருவியில் கொட்டுவதைவிட, ஒன்றை நல்ல உயரத்தில் வைப்பதில்தான் பலன்.

எங்கே வைப்பது?

திருப்புட்குழி மாதிரி ஊரில் உயரம் என்றதும் கோயில் கோபுரம்தான் கண்ணில் படும். அதைத் தொட வேண்டாம். அனுமதி கிடைப்பதும் கஷ்டம், பழைய கட்டடத்தில் ஆணி அடிப்பதும் பாவம். ஒவ்வொரு ஊராட்சியிலும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருக்கிறதே, அதுதான் சரியான இடம். ஊராட்சித் தலைவரும் செயலாளரும் சம்மதித்தால் முடிந்துவிடும். தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் தினமும் அங்கே போகிறவர் என்பதால், கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் கிடைத்துவிடுகிறார்.

மழைநீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஐந்தாறு வாட் சோலார் தகடு, ஒரு லித்தியம் பேட்டரி. பெட்டி வெள்ளை நிறமாக இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் பேட்டரி வெந்துவிடும். ஒயர் நுழையும் ஓட்டைகளை நன்றாக அடைக்க வேண்டும். தண்ணீரைவிட எறும்பும் பல்லியும்தான் இந்தப் பெட்டிகளைத் தேடி வரும் எதிரிகள். ஆன்டெனா இடிதாங்கியைவிட உயரமாகப் போகக் கூடாது. இன்னொன்று, ஆன்டெனா மாட்டாமல் கருவியை ஆன் செய்யவே கூடாது. செய்தால் அனுப்பும் பகுதி கருகிப்போக வாய்ப்பு உண்டு. புதிதாக வாங்குகிற பலரும் பெட்டியைப் பிரித்த கையோடு செய்கிற தவறு இது.

தொட்டியில் ஒன்று. ஏரிக்கரையில் மதகைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டியிடம் ஒன்று. நெசவாளர் தெருவில் ஒன்று. பள்ளிக்கூடம் அல்லது ரேஷன் கடைப் பக்கம் ஒன்று. கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒன்று. ஐந்து கருவிகளில் ஒரு நடுத்தர ஊர் அடங்கிவிடும். கருவி, மாடலைப் பொறுத்து சுமார் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை விற்கிறது. ஒன்று 3,000 என்று வைத்தால் 15,000. பெட்டி, சோலார், நல்ல ஆன்டெனா எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் சுமாருக்கு ஊர் வலை தயார். உழவர் உற்பத்தியாளர் குழுவோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ தாங்கக்கூடிய செலவுதான்.

வாங்கும்போது மின்சாரம் எவ்வளவு தின்னும் என்று கேளுங்கள். 'ஈ.எஸ்.பி. 32' சிப் உள்ளவை மலிவு, ஆனால் பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்யும். 'என்.ஆர்.எஃப். 52' சிப் உள்ளவை கொஞ்சம் விலை கூட. ஒரு சார்ஜில் பல நாள் தாங்கும். புயலுக்குப் பிறகு நான்கு நாள் வெயிலே வராது என்பதை யோசித்தால், தொட்டி மேல் வைப்பதற்கு இரண்டாவதுதான் சரி.

லைசென்ஸ் கேட்பார்களா?

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்காக 2005-லேயே லைசென்ஸிலிருந்து விலக்கிவிட்டார்கள். அனுப்பும் சக்தி ஒரு வாட்டுக்குள் இருக்க வேண்டும். லோரா கருவிகள் இதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் ஓடுகின்றன. 868 என்று குறிப்பிட்ட மாடலை வாங்க வேண்டும். 433 என்று போட்டிருப்பது இதற்கு வேண்டாம். ஆப்பில் நாடு 'இந்தியா' என்று தேர்ந்தெடுத்தால்தான் சரியான அலைவரிசையில் நிற்கும். மத்திய அரசின் கருவி ஒப்புதல் பெற்றதா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லோடு வாங்குவது நல்லது.

வாக்கி டாக்கி விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிற பல வாக்கி டாக்கிகள் லைசென்ஸ் தேவைப்படும் அலைவரிசைகளில் ஓடுபவை. போலீஸ், தீயணைப்பு அலைவரிசையில் குறுக்கிட்டால் வம்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் இந்த விற்பனைக்கே விதிமுறை கொண்டுவந்தது. லைசென்ஸ் இல்லாமல் பேச வேண்டுமென்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடும், ஒப்புதல் பெற்ற சிறிய வாக்கி டாக்கிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சாட்டிலைட் போன் வாங்கிவரச் சொல்வது அதைவிட ஆபத்து. அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

நாற்பது எழுத்தில் சொல்லுங்கள்

ஒரு செய்தியில் சுமார் 200 ஆங்கில எழுத்து போகும். தமிழுக்கு இது அப்படியே பொருந்தாது. கணினிக் கணக்கில் ஒரு தமிழ்க் குறி மூன்று ஆங்கில எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆக, தமிழில் எழுதினால் ஏறக்குறைய நாற்பது எழுத்துதான். 'ஐயா வணக்கம், நலமா' என்று ஆரம்பித்தால் அதிலேயே கால்வாசி போய்விடும்.

அதனால் வாசகங்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். 'ஏரி 2-ம் மதகு கசிவு. ஆள் வேண்டும்.' 'தறித்தெரு முழங்கால் தண்ணீர்.' 'பிரசவ வலி. டிராக்டர் அனுப்பு.' இப்படி. நேரத்தைக் கருவியே பதிவு செய்துவிடும். அடிக்கடி தேவைப்படும் வாசகங்களைச் சில மாடல்களில் முன்பே சேமித்து வைக்கலாம். இருட்டில், நனைந்த கையோடு டைப் செய்வதைவிட ஒரு பொத்தானை அழுத்துவது சுலபம். செய்தியை இன்னொரு கருவி வாங்கிக்கொண்டதும் திரையில் அடையாளம் தெரியும். அடையாளம் வராவிட்டால் பத்தடி மேடான இடத்துக்கு நகர்ந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

வதந்தியும் இதே வேகத்தில்தான் போகும். 2015 வெள்ளத்தின்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவிய புரளியைப் பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது. 'ஏரி உடைஞ்சிடுச்சாம்' என்ற ஒரு 'ஆம்' போதும், இருட்டில் ஜனங்கள் ஓடி விழுவதற்கு. கண்ணால் பார்த்தவர் மட்டுமே அனுப்ப வேண்டும், காதில் விழுந்ததை அனுப்பக் கூடாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். ஆப்பில் இருக்கிற பொதுச் சேனலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், ஊருக்கென்று தனிப் பெயரும் ரகசியக் குறியீடும் வைத்து, கியூஆர் படத்தின் மூலம் வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுப்பதும் அவசியம்.

இந்த வலை ஊருக்குள் மட்டும்தான். திருப்புட்குழியில் அனுப்பிய செய்தி தானாகப் போய் காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் விழாது. வழிநெடுக ஊர்களும் தொட்டி மேல் ஒன்று வைத்தால் ஒருநாள் அது நடக்கலாம். அதுவரைக்கும் செய்ய வேண்டியது, ஊரின் தேவைகள் எல்லாம் கிராம நிர்வாக அலுவலகக் கருவியில் குவியட்டும்; அங்கிருந்து ஒருவர் பாலுசெட்டி சத்திரம் காவல் நிலையத்துக்கு எழுதி எடுத்துப் போகட்டும். போலீஸுக்குத் தனி வயர்லெஸ் இருக்கிறது. செல்போன் டவரை நம்பி அது இல்லை. ஊரில் ஹாம் லைசென்ஸ் உள்ளவர் இருந்தால் இன்னும் நல்லது. ஊர் மக்களுக்குச் சொல்ல, பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி ஒன்று வேண்டும். முன்பு தமுக்கு அடித்துச் சொன்னார்கள். தண்டோராவை 2022-ல் தமிழக அரசு நிறுத்தியது. ஒரு சாராரின் தலையில் மட்டும் கட்டிய அந்த வேலை நிற்க வேண்டியதுதான். அதற்குப் பதிலாக வந்த ஒலிபெருக்கி கரன்ட் இல்லாத ராத்திரியில் ஊமையாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும்

வெள்ளம் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். பெட்டியில் பூட்டி வைத்த கருவி அன்றைக்குப் பார்த்து வேலை செய்யாது. பேட்டரி செத்திருக்கும், ஆப்பின் குறியீட்டை மறந்திருப்பார்கள். தினமும் புழங்குகிற வேலை ஒன்று கொடுத்தால்தான் இது உயிரோடு இருக்கும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது மோட்டார் போடத் தனியாகக் கழனிக்குப் போகிற விவசாயி, சிக்னல் இல்லாத கிணற்றடியில் பாம்பு கடித்தால் யாரைக் கூப்பிடுவார்? அவர் மடியில் இருக்க வேண்டிய கருவி இது. ஏரியின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சாரையும் இதே லோரா முறையில் இணைக்க முடியும்; மண் ஈரம் பார்க்கும் சென்சார்களும் உண்டு.

பாதுகாப்பாளர் ஒருவர் இல்லை, இருவர் வேண்டும். ஒருவர் கல்யாணத்துக்குப் போன அன்றுதான் மழை வரும். மாதம் ஒரு ஞாயிறு, எல்லோரும் செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் ஆன் செய்து, ஒரு மணி நேரம் இந்த வலையிலேயே பேசிப் பார்க்கலாம். எந்தத் தெருவில் செய்தி எட்டவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. நடுவில் புதிதாக எழுந்த ஒரு மாடி வீடோ, தழைத்து வளர்ந்த புளியமரமோ மறைக்கும். ஆன்டெனாவை நான்கடி உயர்த்தினால் சரியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பாக, ஆவணி, புரட்டாசியிலேயே தொட்டி மேல் ஏறி அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். மழை பிடித்த பிறகு ஈர ஏணியில் யாரையும் ஏற்றக் கூடாது.